கேப்மைண்டர்: மக்கள்தொகை மாற்றத்தைக் கண்முன் காட்டும் இலவசக் கருவி, எங்கே நம்பலாம், எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்

மேல்நிலைப் பாடப்புத்தகத்தில் வரும் அந்தப் படம் நம் எல்லோருக்கும் பழக்கம். பிறப்பு விகிதத்துக்கு ஒரு கோடு, இறப்பு விகிதத்துக்கு ஒரு கோடு. முதலில் இறப்பு இறங்கும், கொஞ்ச காலம் கழித்துப் பிறப்பும் இறங்கும், இடையில் விழும் இடைவெளியில் மக்கள்தொகை பெருகும். பொருளாதாரம் வளர வளர ஒவ்வொரு நாடும் இந்த நான்கைந்து கட்டங்களைக் கடக்கும் என்று பாடம் முடியும். படத்தில் தவறில்லை. ஆனால் அதில் நாடு இல்லை, ஆண்டு இல்லை, எண் இல்லை. ஸ்வீடன் நிதானமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட பயணத்தைத் தென்கொரியா கால் நூற்றாண்டில் முடித்தது. கையில் காசில்லாத வங்கதேசத்தில் பிறப்பு சரிந்த காலத்தில், எண்ணெய்ப் பணம் புரண்ட சவுதி அரேபியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏழு குழந்தைகள். இதெல்லாம் அந்த இரண்டு கோட்டில் அடங்காது.

இதை அசைத்துக் காட்டுவதில் கேப்மைண்டர் தளத்தின் குமிழ் வரைபடத்துக்கு இணையான கருவி இன்றும் இல்லை. ஆசிரியர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மக்கள்தொகை பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் ஆகிய மூவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. திறந்தவுடன் வரும் அமைப்பிலேயே ஓட்டினால், ‘பணம் வந்தால் பிள்ளைகள் குறையும்’ என்ற அரைகுறைப் பாடம்தான் மனதில் தங்கும். அச்சுகளை நாமே மாற்ற வேண்டும். ஒவ்வொரு எண்ணும் எண்ணிப் பார்த்ததா, கணித்துப் போட்டதா என்றும் கேட்க வேண்டும்.

கேப்மைண்டர் ஸ்டாக்ஹோமில் இயங்கும் லாப நோக்கில்லாத அறக்கட்டளை. ஹான்ஸ் ரோஸ்லிங், அவர் மகன் ஓலா, மருமகள் அன்னா ஆகிய மூவரும் 2005-ல் தொடங்கினார்கள். குமிழ்களை ஓட்டும் ட்ரெண்டலைசர் என்ற மென்பொருளை 2007-ல் கூகுள் வாங்கியது. ஹான்ஸ் 2017-ல் மறைந்த பிறகும் தளம் தொடர்ந்து நடக்கிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. தரவை இறக்கிக்கொண்டு, மூலத்தைக் குறிப்பிட்டு நம் பாடக்குறிப்பிலும் கட்டுரையிலும் பயன்படுத்த உரிமமும் தருகிறார்கள்.

‘டூல்ஸ்’ பக்கத்தைத் திறந்ததும் வருவது ‘பபிள்ஸ்’. கிடை அச்சில் தலா வருமானம், நிலை அச்சில் சராசரி ஆயுள், குமிழின் பரப்பு மக்கள்தொகைக்கு ஏற்ப, நிறம் உலகப் பகுதிக்கு ஏற்ப. கீழே ஆண்டுப் பட்டையும் ஓட்டும் பொத்தானும். பார்க்க அழகான அமைப்புதான். ஆனால் நம் கேள்விக்கு இது உதவாது. பிறப்பே இதில் இல்லையே. இப்படி மாற்றுங்கள்:

நிலை அச்சின் தலைப்பைச் சொடுக்கினால் குறியீட்டுப் பட்டியல் விரியும். அதில் ‘பேபீஸ் பெர் வுமன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நாம் மொத்தக் கருவள விகிதம் என்று சொல்வது இதுதான். கிடை அச்சில் வருமானத்தை எடுத்துவிட்டு ‘சைல்ட் மார்ட்டாலிட்டி’, அதாவது பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் எத்தனை என்பதைப் போடுங்கள். குமிழின் அளவு மக்கள்தொகையாகவே இருக்கட்டும். பிறகு ‘ஃபைண்ட்’ பட்டியலில் இரண்டு அல்லது மூன்று நாடுகளை மட்டும் டிக் செய்து, ‘ட்ரெயில்ஸ்’ வசதியை இயக்குங்கள். தேர்ந்தெடுத்த நாடுகள் ஆண்டுக்கு ஒரு குமிழாகத் தடம் விட்டுச் செல்லும். மற்றவை மங்கலாகப் பின்னணியில் நிற்கும். நான்கு நாட்டுக்கு மேல் தடம் போட்டால் திரை குழம்பிவிடும். ஆண்டுப் பட்டையைத் தேவையான தொடக்க ஆண்டுக்கு இழுத்த பிறகே ஓட்டுங்கள். தடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

வருமானத்தை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், தம்பதிகள் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில் உடனடியாக வேலை செய்யும் காரணங்களில் ஒன்று, பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை. மூன்றில் ஒன்று சாகும் ஊரில் ஐந்தாறு பெறுவது கணக்கறியாத செயல் கிடையாது. வருமானம் இந்த நம்பிக்கையைப் பல வழிகளில் உண்டாக்கலாம், உண்டாக்காமலும் போகலாம். குழந்தை இறப்பை அச்சில் போட்டால் அந்தத் தொடர்பு நேரடியாகத் தெரியும்.

முதலில் ஸ்வீடனை 1800-லிருந்து ஓட்டுங்கள். தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதைத் தொடவில்லை. நூற்றாண்டு முழுக்க இறப்பு இறங்குகிறது. 1900-க்குள் பாதிக்கும் கீழே. ஆனால் குமிழ் பக்கவாட்டில்தான் நகர்கிறதே ஒழியக் கீழே வருவதில்லை. 1880-கள் வரை ஒரு பெண்ணுக்கு நான்கு, நான்கரை என்றே நிற்கிறது. அதன் பிறகு செங்குத்தாக விழுந்து, 1930-களின் நடுவில் இரண்டுக்கும் கீழே போய்விடுகிறது. பாடப்புத்தகத்தின் இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் இதுதான். இறப்புக்கும் பிறப்புக்கும் இடையிலான அந்தக் கால இடைவெளியை மாணவர் தன் கண்ணால் பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

இந்த இடத்தில் கருவி சொல்லாமல் விடும் ஒன்றை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். இடைவெளிக் காலத்தில் பெருகிய ஸ்வீடன் மக்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் 1850-களிலிருந்து 1920-கள் வரை கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அன்றைய ஐரோப்பாவுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. 1950-க்குப் பிறகு அதே கட்டத்தைக் கடந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த அளவில் திறக்கவில்லை. இரண்டு அச்சும் பிறப்பு இறப்பைக் காட்டும்போது குடிபெயர்வு படத்தில் எங்கும் தெரியாது. ‘அவர்கள் சமாளித்தார்கள், இவர்கள் ஏன் திணறினார்கள்’ என்ற கேள்விக்கான விடையில் பெரும்பங்கு இங்கே இருக்கிறது.

அடுத்துத் தென்கொரியா, 1960-லிருந்து. அரசு 1962-ல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. அப்போது ஒரு பெண்ணுக்குச் சுமார் ஆறு குழந்தைகள். 1983-ல் இரண்டு, அதாவது ஒரு தலைமுறை தன் இடத்தை அப்படியே நிரப்பத் தேவையான பதிலீட்டு அளவான 2.1-ஐ ஒட்டி வந்தாகிவிட்டது. 2018-ல் ஒன்றுக்கும் கீழே. 2023-ல் 0.72, 2024-ல் சிறிதே ஏறி 0.75. கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக்குள் பெரிய குடும்பத்திலிருந்து சிறிய குடும்பம், அடுத்த தலைமுறைக்குள் ஒற்றைப் பிள்ளைக்கும் குறைவு. பழைய பாடப்படம் நான்காம் கட்டத்தில் இரண்டு கோடும் இணையாக ஓடி அமைதியாகும் என்று காட்டுகிறது. அந்த அமைதி எந்த விதியாலும் உறுதியாகவில்லை என்பதைக் கொரியாவின் தடம் காட்டுகிறது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வரும். நிலை அச்சு நேர் அளவில் இருந்தால் எட்டிலிருந்து ஒன்று வரை முழு உயரத்தையும் பிடித்துக்கொள்ளும், 1.4-க்கும் 0.7-க்கும் உள்ள வேறுபாடு ஒரு விரல்கடை கூட இராது. பாதியாகக் குறைவது என்றால் அடுத்த தலைமுறையும் பாதியாகிறது என்று பொருள்; ஆனால் திரையில் அற்பமாகத் தெரியும். அச்சின் தலைப்பைச் சொடுக்கி ‘லாக்’ (மடக்கை) அளவுக்கு மாற்றினால் நாலிலிருந்து இரண்டும் இரண்டிலிருந்து ஒன்றும் சம தூரமாகும். அல்லது ‘ஜூம்’ கொண்டு கீழ்ப்பகுதியை மட்டும் பெரிதாக்குங்கள். வருமான அச்சு இயல்பாகவே லாக் அளவில்தான் இருக்கும்: 1,000 டாலரிலிருந்து 2,000-க்கும், 32,000-லிருந்து 64,000-க்கும் ஒரே இடைவெளி. இதை முதலிலேயே சொல்லாவிட்டால், ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுவார்கள்.

இப்போது கிடை அச்சில் வருமானத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பட்டையை 1980-ல் நிறுத்துங்கள். வலது கோடியில், பணக்கார நாடுகளின் கூட்டத்துக்கு மேலே தனியாக மிதப்பது சவுதி அரேபியா. வருமானம் உச்சம், குழந்தைகள் ஏழு. எண்ணெயில் வந்த வருமானம் பெண்களைப் பள்ளிக்கும் வேலைக்கும் அனுப்பாமலே வந்துவிட்டது. அதனால் தலா வருமானம் ஏறியும் குடும்பத்தின் அளவு உடனே மாறவில்லை. பின்னால் பெண் கல்வி பரவியதும் அங்கும் சரிந்தது. ஈரானில் இதன் வேகம் இன்னும் அதிகம். 1980-களின் தொடக்கத்தில் ஆறரை அளவில் இருந்தது, 1989-ல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மறுபடி கையில் எடுத்த பின் 2000 வாக்கில் இரண்டை ஒட்டி வந்துவிட்டது.

வங்கதேசத்தையும் பாகிஸ்தானையும் ஒன்றாகத் தடம் போடுவது இந்தக் கருவியில் கிடைக்கும் ஆகச் சிறந்த பாடம். 1970-களில் இரண்டிலும் ஆறுக்கு மேல். பல பத்தாண்டுகள் பாகிஸ்தானின் தலா வருமானமே கூடுதல். ஆனால் வங்கதேசக் குமிழ் இடது ஓரத்தில், ஏழ்மையில் நின்றபடியே கீழே இறங்குகிறது. பாகிஸ்தான் வலப்புறம் நகர்ந்தும் மெதுவாகவே இறங்குகிறது. இன்று ஒன்று இரண்டை ஒட்டியும், மற்றது மூன்றரையை ஒட்டியும் நிற்கின்றன. வங்கதேசத்தில் வீட்டுக்கே வந்து கருத்தடைச் சாதனங்களைத் தந்த பெண் களப்பணியாளர்களின் படை இருந்தது. மத்லப் பகுதியில் 1977-ல் தொடங்கிய கள ஆய்வு, வருமானமும் படிப்பும் பெரிதாக உயராத கிராமத்திலும் தரமான சேவை வாசலுக்கு வந்தால் பிறப்பு குறையும் என்று காட்டியது. வளர்ச்சி வந்தால்தான் மாற்றம் வரும் என்று காத்திருக்கச் சொன்னவர்களுக்கு இது நேரடியான பதில்.

சீனாவை ஓட்டும்போது 1979-ல் நிறுத்தத் தவறாதீர்கள். ஒரு குழந்தைக் கொள்கைதான் சீனாவின் பிறப்பைக் குறைத்தது என்று பரவலாக எழுதப்படுகிறது. 1970-ல் ஆறு அளவில் இருந்த எண் 1979-லேயே மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. தாமதத் திருமணம், பேறுகளுக்கிடையே இடைவெளி, குறைந்த பிள்ளைகள் என்ற 1970-களின் இயக்கக் காலத்தில் நடந்த சரிவு அது. அதிலும் அழுத்தமும் கட்டாயமும் இருந்தன. கொடிய ஒற்றைப் பிள்ளை விதி வந்தது அதற்குப் பிறகு. தடத்தைப் பார்த்த மாணவர் இந்தத் தவறை ஒருபோதும் எழுத மாட்டார். அதே தடத்தில் 1959–61 பஞ்சக் காலத்தில் குமிழ் திடீரென்று கீழே குதித்துத் திரும்புவதையும் காட்டுங்கள்.

இலங்கையைத் தவிர்க்க முடியாது. 1946-ல் ஆயிரத்துக்குச் சுமார் 20 ஆக இருந்த இறப்பு விகிதம் 1947-ல் சுமார் 14 ஆனது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியைத் தெளித்து மலேரியாவை ஒடுக்கிய ஆண்டுகள் அவை. ஆனால் முழுப் புகழையும் மருந்துக்குக் கொடுப்பது சரியாகாது. கிராமப்புற மருத்துவமனைகள், உணவு மானியம், போருக்குப் பிந்தைய அரிசி வரத்து எல்லாம் சேர்ந்தே இறக்கின. வருமானம் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்க, ஆயுள் மட்டும் எகிறுவதை ஆயுள்–வருமான வரைபடத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும், எல்லாக் குமிழ்களும் ஒரே மாதிரி தெரிவது. ஸ்வீடனில் தேவாலயப் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து 1749-லிருந்து பிறப்பும் இறப்பும் எண்ணப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் முதல் கணக்கெடுப்பே 1872-ல்தான், அதுவும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடக்கவில்லை. ஒரே நேரத்தில் எடுத்தது 1881-ல். ஆனால் 1800-ல் இரண்டு குமிழும் ஒரே தெளிவோடு நிற்கின்றன. பல நாடுகளுக்கு 1800-களின் கருவளக் கோடு பல பத்தாண்டுகள் அசையாமலே போகும். அங்கே யாரும் எண்ணவில்லை, ஊகித்த ஒரு மதிப்பை நீட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். எல்லைகளும் இன்றைய எல்லைகள். 1900-ல் ‘வங்கதேசம்’ என்று காட்டுவது பின்னோக்கிக் கணக்கிட்டது. வரைபடத்தின் ஓரத்தில் ‘டேட்டா டவுட்ஸ்’ என்ற சிறு இணைப்பு இருக்கிறது. சந்தேகங்களை நேர்மையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சொடுக்காதவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஊகக் குமிழ்களை வெளிர்நிறத்திலோ புள்ளிக்கோட்டிலோ காட்டியிருக்க வேண்டும். கல்விக் கருவி என்ற வகையில் இதைச் செய்யாதது கடுமையாகச் சொல்லப்பட வேண்டிய குறை.

1950-க்குப் பிந்தைய எண்கள் பெரும்பாலும் ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் மதிப்பீட்டிலிருந்து வருபவை. அவை ஆண்டுவாரியாகவா, ஐந்தாண்டுச் சராசரியாகவா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாடுகள் போதும். ஜப்பானை 1965, 1966, 1967 என்று நகர்த்துங்கள். நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண்ணுக்கு ராசி சரியில்லை என்ற நம்பிக்கையால் 1966-ல் 1.58-க்கு விழுந்து, அடுத்த ஆண்டே 2.2-க்கு ஏறியது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஆண்டு 2026-லும் வருகிறது. ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு 1966-ன் இறுதியில் கருக்கலைப்பைத் தடைசெய்ததும் 1.9-லிருந்து 1967-ல் 3.7-க்குத் தாவியது. சில ஆண்டுகளில் பிறப்பு மீண்டும் இறங்கியது. கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். இந்தக் குழியும் மேடும் திரையில் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது ஆண்டுத் தரவு. வழவழப்பாகக் கடந்தால் சராசரி. ஒரே ஆண்டை எடுத்து வாதம் செய்யாதீர்கள்.

ஜப்பானின் 1966 இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. மொத்தக் கருவள விகிதம் என்பது அந்த ஓர் ஆண்டின் நிலவரத்தை ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதற்கும் நீட்டிப் போட்ட கணக்கு. பெண்கள் படித்து, வேலைக்குப் போய், முதல் குழந்தையை 24-க்குப் பதில் 30-ல் பெறத் தொடங்கினால், இறுதியில் அதே இரண்டைப் பெற்றாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் எண் சரிந்து தெரியும். கொரியாவின் 0.72-ல் இந்தத் தள்ளிப்போடலுக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்காக அதை வெறும் தோற்றம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

எதிர்காலத்தைக் காட்டும் பகுதிக்கு வருவோம். ‘ஏஜஸ்’ என்ற வரைபடம் வயதுவாரியான பிரமிடைத் தருகிறது. இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, ஒரு பழைய ஆண்டில் ‘லாக்’ பூட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு முன்னே நகர்த்துங்கள். பழைய ஆண்டின் விளிம்பு நிலையாக நிற்க, புதிய பிரமிடு அதன்மேல் மாறும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இந்தியாவின் கருவளம் 2.0, அதாவது பதிலீட்டுக்கும் கீழே. இருந்தும் ஐ.நா.வின் 2024 மதிப்பீடு, அந்த ஆண்டின் 145 கோடி 2060-களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியாகி அதன் பிறகே குறையும் என்கிறது. ‘இரண்டுக்கு வந்தாகிவிட்டதே, ஏன் இன்னும் கூடுகிறது?’ என்று கேட்காத வகுப்பே கிடையாது. பூட்டிய பிரமிடைக் காட்டினால் விடை தானாக வரும். முன்பு அதிகம் பிறந்த தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் நிற்கிறது. தலைக்கு இரண்டு பெற்றாலும் தாய்மார்களின் எண்ணிக்கை பெரியது. கீழிருந்து அகலம் கூடுவதில்லை. மேலே உள்ள வயதுகள் நிரம்புகின்றன. தேர்வில் ‘மக்கள்தொகை உந்தம்’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பது இதைத்தான்.

ஆனால் இன்றைய ஆண்டைத் தாண்டி 2100 வரை பட்டை ஓடும்போது திரையில் எந்தத் தயக்கமும் தெரிவதில்லை. காட்டப்படுவது நடுத்தரக் கணிப்பு மட்டுமே. மிகக் குறைந்த கருவளம் கொண்ட நாடுகள் மெல்ல ஓரளவு மீளும் என்று ஐ.நா.வின் மாதிரி எடுத்துக்கொள்கிறது. மீளாவிட்டால் கொரியாவின் 2100 படம் இதைவிட மெலிந்துபோகும். ஆகவே 2050-க்கு அப்பால் எதையும் மேற்கோள் காட்டும் முன் ஐ.நா.வின் ‘வேர்ல்டு பாப்புலேஷன் ப்ராஸ்பெக்ட்ஸ்’ தளத்துக்குப் போய், அதே எண்ணுக்கு 80, 95 சதவீத நிகழ்தகவு எல்லைகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று பாருங்கள். உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொடும் என்ற செய்தியும் நடுத்தரக் கணிப்புதான்.

இந்தியாவுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் மொத்த மக்கள்தொகை எல்லாமே கணிப்பு. பிறப்பு, இறப்பு விகிதங்களுக்கு மாதிரிப் பதிவுத் திட்டம் இருக்கிறது. உள்ளூர்க் கணக்காளர் ஒருவர் தொடர்ந்து பதிவார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து கணக்கெடுப்பார், பிறகு இரண்டையும் ஒப்பிட்டு விடுபட்டதைக் களத்தில் சரிபார்ப்பார்கள். நம்பத்தக்க முறை. அதில் கிடைக்கும் மாநில எண்கள் கேப்மைண்டரில் வராது. அதன் அலகு நாடு. குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் கிடைத்த பீகாரின் 3.0-உம் தமிழ்நாட்டின் 1.8-உம் ஒரே குமிழுக்குள் கரைந்துவிடுகின்றன, பெரிய நாட்டுக்கு இது மோசமான இழப்பு. 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் என்பது அரசின் கணிப்பு. இந்த அவசரம் தேசியக் குமிழில் தெரியவே தெரியாது. மாநிலப் பாடத்துக்குக் குடும்ப நல ஆய்வின் தகவல் தாள்களைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில்லறைச் சிக்கல்கள் சிலவும் உண்டு. வருமானம் வாங்கும் சக்திக்கும் விலைவாசிக்கும் சரிசெய்யப்பட்ட டாலர். அடிப்படை ஆண்டு மாறும்போது எல்லா எண்களும் மாறும். மூன்றாண்டுக்கு முந்தைய படமும் இன்றைய திரையும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் இதுதான். படம் எடுத்தால் எடுத்த தேதியையும் குறித்து வையுங்கள். பெண்களின் சராசரிப் பள்ளி ஆண்டுகள் போன்ற சில தொடர்கள் சமீபத்திய ஆண்டுவரை நீளாது. தரவு முடிந்த ஆண்டைத் தாண்டினால் குமிழ் மறைந்துவிடும். நாட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வகுப்பு நினைக்கும். கைபேசியில் பார்க்கலாம், ஆனால் நெருக்கமான குமிழ்களை விரலால் தொட்டுப் பிடிப்பது பெரும்பாடு. மடிக்கணினியோ ப்ரொஜெக்டரோ வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலாக எதைப் பயன்படுத்தலாம்? கட்டுரைக்கு எண் வேண்டுமென்றால் ‘அவர் வேர்ல்டு இன் டேட்டா’ மேல். ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழேயே மூலமும் செயல்முறையும் எழுதியிருக்கிறார்கள், அட்டவணையை ஒரே சொடுக்கில் இறக்கலாம். ஸ்வீடன், ஜப்பான் போன்ற நாடுகளின் வயதுவாரி இறப்பைத் துல்லியமாக ஆராய ‘ஹியூமன் மார்ட்டாலிட்டி டேட்டாபேஸ்’. இலவசமாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு முழுமையாக உள்ள நாடுகளை மட்டுமே சேர்ப்பதால் இந்தியா அதில் இல்லை. இவற்றில் எதிலும் கேப்மைண்டர் அளவுக்கு ஓட்டம் கிடையாது. நாற்பது நிமிட வகுப்பில் கேப்மைண்டரைக் காட்டி, வீட்டுப்பாடத்துக்கு மற்ற இரண்டையும் கொடுப்பதுதான் சரியான பங்கீடு.

வகுப்புக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. அச்சு, நாடு, ஆண்டு ஆகிய நீங்கள் செய்யும் தேர்வுகள் எல்லாம் முகவரிப் பட்டையிலேயே பதிவாகும். ஸ்வீடனுக்கு ஓர் இணைப்பு, கொரியாவுக்கு ஒன்று, வங்கதேசம்–பாகிஸ்தானுக்கு ஒன்று, பிரமிடுக்கு ஒன்று என்று நான்கையும் முன்பே நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். வகுப்பில் அச்சு மாற்றிக்கொண்டிருந்தால் பாதி நேரம் போய்விடும். ஒவ்வொன்றையும் ஓட்டுவதற்கு முன், குமிழ் எந்தப் பக்கம் நகரும் என்று மாணவர்களைச் சொல்லவிட்டு, அதன் பிறகு பொத்தானை அழுத்துங்கள். இணையம் தடுமாறும் பள்ளிகளுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவக்கூடிய ஆஃப்லைன் பதிப்பு இருக்கிறது. அதில் உள்ள தரவு இணையப் பதிப்பைவிடப் பழையதாக இருக்கலாம் என்பதால், கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை புதிதாக இறக்கி, ஜப்பானின் 1966-ஐ ஓட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.